தொழிற்சாலைக்குப் பட்டதாரிகள் எதற்கு? சிங்கப்பூரில் உற்பத்திப் பொறியியல் கல்வி வளர்ந்த கதை

மாணவர்களே, சிங்கப்பூரின் தொழில்மயத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் உங்களில் பலர் வின்செமியஸ், ஜூரோங், பன்னாட்டு நிறுவனங்கள் என்று மூன்றையும் எழுதி முடித்துவிடுகிறீர்கள். அது சரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். மறுபாதி பயிற்சிக்கூடங்களிலும் பல்கலைக்கழகத்திலும் நடந்தது. அதை இப்போது பார்ப்போம்.

1960இல் டச்சுப் பொருளியல் வல்லுநர் ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையில் ஐக்கிய நாட்டு நிறுவனக் குழு ஒன்று இங்கு வந்தது. 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. ஜூரோங்கின் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாக மாறத் தொடங்கியது. அன்றைய பெரிய கவலை வேலையின்மை. பிரிட்டன் தன் படைகளை மீட்டுக்கொள்ளப்போவதாக 1968இல் அறிவித்ததும் அந்தக் கவலை இன்னும் கூடியது. அதனால் நிறைய ஆட்களுக்கு வேலை கொடுக்கும் தொழில்களுக்கே முதலிடம். துணி தைப்பதையும் மின்னணுப் பாகங்களைப் பொருத்துவதையும் கற்றுக்கொள்ளக் குறுகிய காலப் பயிற்சியே போதுமாக இருந்தது.

ஆனால் அச்சுகளையும் துல்லியக் கருவிகளையும் செய்ய அது போதுமா? போதாது. அதற்காகத்தான் 1972இல் இந்தியாவின் டாட்டா நிறுவனத்தோடு சேர்ந்து அரசாங்கம் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. பிறகு ரோலை, பிலிப்ஸ் நிறுவனங்களோடும் இதே போன்ற நிலையங்கள் வந்தன.

அடுத்த திருப்பம் 1979. குறைந்த சம்பளத்தை நம்பிய தொழில்களில் மற்ற நாடுகளோடு நெடுநாள் போட்டிபோட முடியாது என்று அரசாங்கம் முடிவுசெய்தது. தேசிய சம்பள மன்றம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதிகச் சம்பள உயர்வைப் பரிந்துரைத்தது. ஆட்களைக் குறைத்து இயந்திரங்களுக்கு மாறுங்கள் என்று முதலாளிகளைத் தள்ளுவதே நோக்கம். சரி, பணம் இருந்தால் இயந்திரத்தை வாங்கிவிடலாம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று திட்டமிட ஆள் வேண்டுமே?

அந்தத் தேவைக்கான விடைகளில் ஒன்றுதான் 1981இல் அமைந்த நன்யாங் தொழில்நுட்பக் கழகம். 1982இல் 582 மாணவர்களோடு பாடங்கள் தொடங்கின. அங்கிருந்த மூன்று துறைகளில் ஒன்றின் பெயரைக் கவனியுங்கள்: இயந்திர, உற்பத்திப் பொறியியல். பெயரிலேயே ‘உற்பத்தி’ இருக்கிறது. மாணவர்கள் பல மாதங்கள் நிறுவனங்களில் வேலைப் பயிற்சியும் பெற்றார்கள். 1991இல் இக்கழகம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானது.

உற்பத்திப் பொறியியல் என்றால் என்ன? நல்ல பொருள் ஒன்றைத் திறமையான கைவினைஞர் செய்துவிடுவார். அதே பொருளைப் பத்தாயிரம் செய்து, எதை எடுத்தாலும் மற்ற பாகத்தோடு பொருந்த வைக்க வேண்டும் என்றால் அது வேறு வேலை. எவ்வளவு அளவு வித்தியாசத்தை ஏற்கலாம், எந்த இயந்திரம் எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும், குறை எங்கே உண்டாகிறது என்பதையெல்லாம் கணக்குப் போட்டு முடிவுசெய்வதுதான் இந்தப் படிப்பு. 1982இல் சீகேட் இங்கு வந்த பிறகு பெருகிய கணினி வட்டு இயக்கி உற்பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு தூசி விழுந்தாலே பொருள் கெட்டுப்போகலாம். மேற்பார்வை மட்டும் அங்கே போதாது.

இதை முழு வெற்றிக் கதையாகவும் எழுதிவிடாதீர்கள். 1985இல் பொருளியல் சரிந்தது. உலகச் சந்தை மந்தமானது ஒரு காரணம். உள்நாட்டுச் செலவும் சம்பளமும் உற்பத்தித்திறனை முந்தி உயர்ந்தது இன்னொரு காரணம். 1986இல் முதலாளிகளின் மத்திய சேமநிதிப் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சம்பளத்தை ஓராண்டில் உயர்த்திவிடலாம். ஒரு பொறியாளரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். இந்தக் கால இடைவெளியை உங்கள் விடையில் காட்டினால், ஆண்டுகளை மனப்பாடம் பண்ணி எழுதிய விடையைவிட அது எடுப்பாக நிற்கும்.

ஆசிரியர்களே, வகுப்பில் இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள்: ‘1979க்குப் பிறகு சிங்கப்பூரின் தொழில் மாற்றத்துக்குச் சம்பளக் கொள்கை முக்கியமா, பொறியியல் கல்வி முக்கியமா?’ இரு பக்கத்துக்கும் இரண்டு சான்றுகளாவது எழுதச் சொல்லுங்கள். ‘தொழிற்சாலை வேலை படிக்காதவர்களுக்குத்தான்’ என்று நினைக்கும் மாணவர் யாராவது வகுப்பில் இருந்தால், அவரையே முதலில் பேசவிடுங்கள்.