ஆயிரம் டாலர் கத்தரி

வால்டர் மர்ச் நின்றபடியே எடிட் செய்பவர். அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர் உட்காருகிறாரா, அடுப்படியில் நிற்கும் சமையல்காரர் உட்காருகிறாரா என்பது அவருடைய வாதம். 'அப்போகலிப்ஸ் நவ்' படத்தில் ஒலிக்கும் தொகுப்புக்கும் உழைத்த அந்த மூத்த கைக்காரர் 2002இல் துணிந்த ஒரு காரியம், தொழிலில் பலருக்கு விஷப்பரீட்சையாகத் தெரிந்தது.

ஆன்டனி மிங்கெல்லாவின் 'கோல்ட் மவுன்டன்' படப்பிடிப்பு ருமேனியாவில் நடந்துகொண்டிருந்தது. செலவு சுமார் 8 கோடி டாலர். இவ்வளவு பெரிய படத்தைத் தொகுக்க மர்ச் எடுத்துக்கொண்டது ஃபைனல் கட் ப்ரோ. ஆப்பிள் நிறுவனம் 999 டாலருக்கு விற்ற மென்பொருள் அது. கல்யாண வீடியோ எடுப்பவரும் கல்லூரி மாணவரும் வாங்கிப் பழகிய சரக்கு.

அதன் அருமை புரிய, அதற்கு முன் எடிட்டர்கள் எதற்கு எவ்வளவு அழுதார்கள் என்று பார்க்க வேண்டும்.

1924இல் வந்த மூவியோலாவே முதலில் எடிட்டருக்காகப் பிறந்ததல்ல. ஐவன் செரூரியர் அதை வீட்டில் படம் பார்க்கும் பெட்டியாகத்தான் செய்தார். விலை 600 டாலர், வாங்க ஆளில்லை. டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஸ்டுடியோவின் எடிட்டர் ஒருவர் இதை எங்கள் மேசைக்கு ஏற்றாற்போல் மாற்றித் தரலாமே என்று கேட்க, தொழிலின் தலையெழுத்தே மாறியது. பல்பைப் படத்துக்குப் பின்னால் வைத்து, சுருளைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, வெட்டி, ஒட்டுகிற வேலை அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே நடந்தது. பின்னால் ஜெர்மனியின் ஸ்டீன்பெக் மேசைகள் வந்தபோதும் வெட்டி ஒட்டுவது மாறவில்லை.

கணினி நுழைந்ததும் விலை எகிறியது. 1971இல் சிபிஎஸ், மெமரெக்ஸ் இரண்டும் சேர்ந்து கொண்டுவந்த சிஎம்எக்ஸ் 600 இரண்டரை லட்சம் டாலர். ஜார்ஜ் லூகாஸின் நிறுவனம் 1984இல் காட்டிய எடிட்டிராய்ட், லேசர் தட்டுகளில் காட்சிகளை ஏற்றி ஓட்டியது; விற்றவை சொற்பம். 1989இல் ஏவிட் வந்தது. வட்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் லட்சம் டாலரைத் தொடும். ஆனால் அது நிலைத்தது. கமல்ஹாசனின் 'மகாநதி' (1994), ஏவிட்டைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படமாகக் குறிக்கப்படுகிறது. மர்ச்சும் 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படத்தை ஃபிலிமில் தொடங்கி, பாதி வழியில் ஏவிட்டுக்கு மாறி, 1997இல் எடிட்டிங்குக்கும் ஒலிக்கும் ஒரே மேடையில் ஆஸ்கர் வாங்கினார். கணினியில் தொகுத்த படத்துக்கு எடிட்டிங் ஆஸ்கர் கிடைத்தது அதுவே முதல் முறை.

ஆக, ஏவிட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவரே ஐந்தாண்டுகளில் அதை விட்டு இறங்கினார். காரணம் கணக்குதான். ஒரு ஏவிட்டுக்கு ஆகும் பணத்தில் நான்கு ஃபைனல் கட் இருக்கைகளைப் போட முடிந்தது. எடிட்டர் வெட்டிக்கொண்டிருக்கும்போதே உதவியாளர்கள் பக்கத்து மேசைகளில் வேலை பார்க்கலாம். ஆனால் வெட்டிய படத்தை ஒலிக்காரருக்கு ஒழுங்காக அனுப்ப முடியுமா, ஃபிலிமில் மாற்ற வேண்டிய இடங்களின் பட்டியலை அது பிழையின்றித் தருமா என்பதற்கெல்லாம் அப்போது யாரிடமும் உறுதியான பதில் இல்லை. வேலை நடக்க நடக்கவே வழி கண்டுபிடித்தார்கள். 2004இல் 'கோல்ட் மவுன்டன்' எடிட்டிங்குக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. விலையைச் சொல்லி யாரும் அந்த மென்பொருளை அதன்பிறகு இளப்பமாகப் பேச முடியவில்லை.

இந்தக் கதையில் ராண்டி யூபிலோஸ் என்ற பொறியாளரைத் தாண்டிப் போக முடியாது. 1991இல் அடோபி ப்ரீமியரை எழுதியவர் அவர். பிறகு மேக்ரோமீடியாவுக்குப் போய் அதற்கே போட்டியாக இன்னொன்றை எழுதினார். அந்த நிறுவனத்தால் அதை வெளியிட முடியாமல் போக, 1998இல் ஆப்பிள் வாங்கி, அடுத்த ஆண்டு ஃபைனல் கட் ப்ரோ என்று சந்தைக்கு விட்டது. மலிவு எடிட்டிங்கின் இரண்டு பெரிய பெயர்களிலும் ஒரே கையெழுத்து!

அதே கை 2011இல் சுட்டது. யூபிலோஸ் முன்னின்று உருவாக்கிய ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் அந்த ஜூன் மாதம் வந்தபோது விலை 299.99 டாலராக இறங்கியிருந்தது. ஆனால் பழைய பதிப்பில் செய்த வேலையை அது திறக்கவில்லை. பல கேமரா காட்சிகளை ஒன்றாக வைத்து வெட்டும் வசதி இல்லை. ஒலிக்காரருக்கு அனுப்பும் வழியும் இல்லை. பழைய பதிப்பின் விற்பனையையும் ஆப்பிள் அன்றே நிறுத்தியது. பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், மனு போட்டார்கள், அமெரிக்க நகைச்சுவையாளர் கோனன் ஓ'பிரையனின் எடிட்டர்கள் தொலைக்காட்சியிலேயே கேலி செய்தார்கள். விடுபட்ட வசதிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தாலும் போன நம்பிக்கை வரவில்லை.

அடோபி சும்மா இருக்குமா? மாறி வருபவர்களுக்குப் பாதி விலை என்று கடையைத் திறந்தது. டேவிட் ஃபின்ச்சரின் முந்தைய இரண்டு படங்கள் ஃபைனல் கட்டில் தொகுக்கப்பட்டு எடிட்டிங் ஆஸ்கர் வென்றவை. 2014இல் அவருடைய 'கான் கேர்ள்' ப்ரீமியரில் வெட்டப்பட்டது. இதற்கிடையே 2013இல், இனி ஒரேயடியாக விலை கொடுத்து வாங்க முடியாது, சந்தா கட்டுங்கள் என்றது அடோபி. மலிவு என்று குடியேறியவர்கள் வாடகைக்காரர்களானார்கள்.

அடுத்த கதவு எதிர்பாராத பக்கத்தில் திறந்தது. டாவின்சி என்பது படத்தின் வண்ணத்தைச் சீர்செய்யும் கருவி; லட்சக்கணக்கான டாலர் கொட்டி வாங்கும் பெரிய ஸ்டுடியோக்களில் மட்டுமே இருந்தது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் 2009இல் அதை வாங்கி, மறு ஆண்டு 995 டாலருக்கு விற்றது. 2011இல் இலவசப் பதிப்பும் விட்டது. பிறகு எடிட்டிங் வசதிகளைச் சேர்த்துக்கொண்டே போய், 2017இல் முழுப் பதிப்பை 299 டாலருக்கு இறக்கியது. தர்மம் அல்ல அது. கேமராவும் பிற கருவிகளும் விற்கும் நிறுவனத்துக்கு மென்பொருள் ஒரு வாசல்தோரணம். ஆனாலும் கையில் காசில்லாத இயக்குநருக்கு அந்தத் தோரணமே போதுமானதாக இருக்கிறது.

எல்லோரும் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆப்பிள் கைகழுவிய ஃபைனல் கட் ப்ரோ 7, 2017இல் வந்த மேக் இயங்குதளத்திலிருந்து இயங்குவதே இல்லை. தென்கொரியாவின் எடிட்டர் யாங் ஜின்-மோ அதன் பிறகும் அதையே வைத்திருந்தார். பாங் ஜூன்-ஹோவின் ஒரு படத்தை அதில்தான் வெட்டினார். அந்தப் படம் 'பாரசைட்'. 2020இல் சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கியது. எடிட்டிங்குக்கும் பரிந்துரை பெற்றது.