தண்ணீர்க் கம்பெனியும் கார்ப் பந்தயமும்

பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபத்தைப் பார்க்காதவர் நம் ஊரில் இருக்க முடியாது. முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. அதே நெப்போலியன் 1853-இல் ஓர் ஆணை போட்டு, பிரான்சில் ஒரு தண்ணீர்க் கம்பெனியையும் தொடங்கி வைத்தார். முதலில் லியோன் நகரத்துக்குக் குழாய் போட்ட கம்பெனி அது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அமெரிக்கத் தெருக்களில் பையன்கள் கார் ஓட்டிப் பந்தயம் விடும் ஒரு சினிமாவும், அந்தச் சினிமாவை வைத்து வருவதாக இருந்த வீடியோ கேமும் அதன் கைக்கு எப்படிப் போயின என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

1996-இல் ழான் மரி மெசியே என்பவர் கம்பெனிக்குத் தலைவரானார். தண்ணீர், சாக்கடை, குப்பை என்று வருமானம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அது அவருக்குப் போதவில்லை. 1998-இல் பழைய பெயரை எடுத்துவிட்டு ‘விவெந்தி’ என்று வைத்தார். 2000-இல் சீகிராம் என்ற கனடா நாட்டு விஸ்கிக் கம்பெனியை வாங்கினார். விஸ்கிக்காக அல்ல. ஹாலிவுட்டின் யுனிவர்சல் சினிமா நிறுவனம் அவர்களிடம் இருந்தது. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பொம்மைகளை வைத்துக் கேலி செய்யும் நிகழ்ச்சி ஒன்று அப்போது இருந்தது. அதில் இவருக்கு ‘உலகத்துக்கே எஜமான்’ என்று பொருள் வரும்படி ஒரு பட்டப்பெயர் சூட்டினார்கள். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தப் பட்டத்தையே தன் புத்தகத்துக்குத் தலைப்பாக்கிக்கொண்டார். இப்படிப்பட்டவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

2001 ஜூனில் யுனிவர்சல் வெளியிட்ட படம் ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’. நியூயார்க்கில் இரவு நேரத்தில் தெருவில் கார்ப் பந்தயம் விடும் இளைஞர்களைப் பற்றி 1998-இல் ஒரு பத்திரிகையில் வந்த கட்டுரைதான் கதைக்கு வித்து. படத்தில் ஊரை லாஸ் ஏஞ்சலஸாக மாற்றிவிட்டார்கள். சுமார் 3.8 கோடி டாலர் செலவில் எடுத்து 20 கோடி டாலருக்கு மேல் வசூல். அடுத்தது என்ன? வீடியோ கேம்தான். 2003-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வரும் என்றார்கள். செய்யும் பொறுப்பு ஜப்பானின் கென்கி நிறுவனத்துக்கு. டோக்கியோவின் விரைவுச் சாலைகளில் ராத்திரிப் பந்தயம் விடும் கேம்களைச் செய்து பெயர் வாங்கியவர்கள் அவர்கள். இதைவிடப் பொருத்தமான கை கிடைக்காது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

பாரீசில் இருக்கும் என் தங்கை மகனுக்கு அப்போது 16 வயது. அந்த கேமுக்காகக் காசு சேர்த்து வைத்திருந்தான். அந்தப் பைத்தியம் ஏன் என்று போனில் கேட்டேன். “பந்தயத்தில ஜெயிக்கணும்னு இல்ல மாமா, அந்த ஆரஞ்சு கலர் காரை நானே ஓட்டிப் பார்க்கணும்” என்றான். அந்தக் காலத்தில் பிரான்சில் 18 வயதாகாமல் தனியாகக் கார் ஓட்ட முடியாமல் இருந்தது. தெருவில் ஓட்டி யார் மேலாவது ஏற்றுவதைவிட, வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து ஓட்டட்டும் என்று தங்கையும் சும்மா இருந்துவிட்டாள். அவள் நினைத்தது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

ஆனால் அதற்குள் மெசியேயின் கோட்டை ஆட ஆரம்பித்திருந்தது. 2001-ஆம் ஆண்டுக்கு 1,360 கோடி யூரோ நஷ்டம் என்று 2002 மார்ச்சில் கணக்குக் காட்டினார்கள். அதுவரை பிரான்சில் எந்தக் கம்பெனியும் காட்டாத நஷ்டம். ஒரு காலத்தில் 100 யூரோவுக்கு மேல் விற்ற பங்கு, 2002 ஆகஸ்டில் 10 யூரோவுக்கும் கீழே இறங்கியது. தண்ணீர்க் கம்பெனிதானே, பணம் எங்கே போய்விடும் என்று போட்டு வைத்திருந்த சின்ன மனிதர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மெசியே ஜூலையிலேயே போய்விட்டார். கடனை அடைக்க, யுனிவர்சல் சினிமாவை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கோடு சேர்த்துவிட 2003-இல் ஒப்பந்தம் ஆனது. வீடியோ கேம் பிரிவு மட்டும் விவெந்தியிடம் தங்கிவிட்டது. படம் ஒரு வீட்டில், விளையாட்டு இன்னொரு வீட்டில்.

கென்கி செய்துகொண்டிருந்த கேமைக் கைவிட்டார்கள். விவெந்தியின் கடன்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீடு பற்றி எரியும்போது பொம்மையை யார் பார்ப்பார்கள்? 2003 நவம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட்’ என்ற கேமைக் கொண்டுவந்தது. இரவு, தெரு, விளக்கு வைத்து அலங்கரித்த கார் என்று படத்தில் இருந்த எல்லாமே அதில் இருந்தன, படத்தின் பெயரைத் தவிர. காத்திருந்த பையன்கள் காசை அங்கே கொடுத்தார்கள். என் தங்கை மகனும்தான்.

படத்தின் பெயரோடு பிளேஸ்டேஷன் 2-க்கு ஒரு கேம் வந்தது 2006 செப்டம்பரில். செய்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள், வெளியிட்டது நாம்கோ பண்டாய். மூன்றாவது படத்தை ஒட்டி, லாஸ் ஏஞ்சலஸை விட்டுவிட்டு டோக்கியோ சாலைகளுக்குப் போய்விட்டார்கள். தங்கை மகனுக்கு அப்போது 19 வயது. அதைக் கடையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டானாம். பெர்மி எடுத்திருந்தான், பழைய பெழோ ஒன்றும் வாங்கியிருந்தான். பெட்ரோலுக்கே சம்பளம் சரியாக இருந்தது.