அமெரிக்காவில் அவசர மருத்துவ உதவியாளர் பணியும் தொடக்க ஊதியமும்

ஐக்கிய அமெரிக்காவில் ஆம்புலன்சில் வந்து நோயாளிக்கு முதல் உதவி அளிப்பவர்களில் முக்கியமாக இரு நிலையினர் உள்ளனர். அடிப்படை நிலையில் இருப்பவர் அவசர மருத்துவ உதவியாளர். இவரை இ.எம்.டி. என்று சுருக்கமாக அழைப்பர். மேல்நிலையில் இருப்பவர் பாராமெடிக். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 மே மாதக் கணக்குப்படி, இ.எம்.டி. ஒருவரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 41,340 டாலர். பாராமெடிக்குக்கு 58,410 டாலர். எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால் இடைநிலை ஊதியம் 49,500 டாலர். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் பெறுகிறார்கள் என்று பொருள். புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் கீழ்ப்பாதியில்தான் இருப்பார்கள்.

உயிர் காக்கும் வேலைக்கு ஏன் இவ்வளவு குறைந்த ஊதியம்? பயிற்சிக் காலம் குறைவு என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. இந்தப் பணி மருத்துவமாகப் பிறக்காமல் வண்டி ஓட்டும் தொழிலாகப் பிறந்தது. அந்தப் பிறப்பின் தடம் இன்றும் சம்பளச் சீட்டில் தெரிகிறது.

சவ வண்டியே ஆம்புலன்ஸ்

1960களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறத்தாழ பாதியை நடத்தியவர்கள் ஈமச்சடங்கு நிறுவனத்தார். படுத்த நிலையில் ஒருவரைக் கொண்டு செல்லும் நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. மற்ற இடங்களில் காவல் துறையினர், தீயணைப்புத் துறையினர், தன்னார்வலர்கள் ஆகியோர் இவ்வேலையைச் செய்தனர். வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரில் 1928 ஆம் ஆண்டில் ஜூலியன் ஸ்டான்லி வைஸ் தொடங்கிய தன்னார்வ மீட்புக் குழு இதற்கு முன்னோடி. அதைப் பின்பற்றிப் பல ஊர்களில் குழுக்கள் உருவாயின. அவை பல உயிர்களைக் காப்பாற்றின. அதே வேளையில், இது சம்பளம் வாங்காமல் செய்யும் ஊர்த்தொண்டு என்ற எண்ணமும் வேரூன்றியது. கிராமப்புறங்களில் இன்றும் பல சேவைகள் தன்னார்வலர்களை நம்பியே இயங்குகின்றன.

1966: ஓர் அறிக்கையும் ஒரு சட்டமும்

1966 செப்டம்பரில் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்கள் பற்றி ஓர் அறிக்கையை வெளியிட்டது. 1965 ஆம் ஆண்டில் மட்டும் விபத்துகளால் 1,07,000 பேர் இறந்ததாகவும், 4 லட்சம் பேர் நிரந்தரமாக ஊனமுற்றதாகவும் அது கூறியது. ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்குப் பொதுவான பயிற்சித் தரம் இல்லை என்பதையும் அது எடுத்துக்காட்டியது.

இறந்தவர்களில் ஏறத்தாழ 49,000 பேர் சாலை விபத்துகளில் மாண்டவர்கள். ஆகவே தீர்வும் சாலை வழியாகவே வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அவசர மருத்துவப் பணிக்குத் தரம் வகுக்கும் பொறுப்பு, சுகாதாரத் துறையிடம் அல்லாமல், புதிதாக உருவான போக்குவரத்துத் துறையிடம் சென்றது. பின்னாளில் ஊதியத்தைப் பாதித்த திருப்பங்களில் இதுவும் ஒன்று.

பிட்ஸ்பர்க் காட்டிய வழி

இப்பணி வேறு விதமாக வளர்ந்திருக்கலாம் என்பதற்கு பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரம் சான்று. அங்கு நோயாளிகளைக் காவல் துறை வேன்களில் ஏற்றிச் செல்வது வழக்கம். உயிர்ப்பிப்பு மருத்துவத்தின் முன்னோடியான டாக்டர் பீட்டர் சாஃபர், ஃபால்க் அறக்கட்டளையின் பில் ஹாலன் ஆகியோரும், ஃப்ரீடம் ஹவுஸ் என்னும் கறுப்பின மக்களின் அமைப்பும் சேர்ந்து 1967 ஆம் ஆண்டில் ஒரு புதிய ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினர்.

ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் வேலையின்றி இருந்த கறுப்பின இளைஞர்கள் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சிலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள்; சிலர் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள். அவர்களுக்கு ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. உடற்கூறியல், உயிர்ப்பிப்பு முறை, அறுவை அரங்கப் பயிற்சி ஆகியவை அதில் அடங்கும். 1970களின் நடுவில் டாக்டர் நான்சி கரோலைன் இச்சேவையின் மருத்துவ இயக்குநராகப் பொறுப்பேற்றார். அங்கு உருவான பாடத்திட்டம் நாடு முழுவதும் பாராமெடிக் பயிற்சிக்கு அடிப்படையாயிற்று.

ஆனால் நகர நிர்வாகம் இச்சேவைக்குப் போதிய நிதி தரவில்லை. 1975 அக்டோபரில் நகராட்சியே சொந்தமாக ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியது. ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அதன் பணியாளர்கள் புதிய சேவையில் சேர்க்கப்பட்டாலும், புதிய தேர்வுகளாலும் விதிகளாலும் பலர் சில ஆண்டுகளில் வெளியேறினர். தொழிலுக்கு இலக்கணம் வகுத்தவர்களுக்கே அத்தொழிலில் நிலையான வாழ்வு கிடைக்கவில்லை. விதிவிலக்காக நிலைத்து நின்றவர்களில் ஒருவரான ஜான் மூன், பின்னர் அந்நகர அவசர மருத்துவச் சேவையின் துணைத் தலைவராக உயர்ந்தார்.

81 மணி நேரப் படிப்பு

நாடு தழுவிய தரமாக வந்தது பிட்ஸ்பர்க்கின் 300 மணி நேரப் பயிற்சி அன்று. போக்குவரத்துத் துறை 1971 ஆம் ஆண்டில் வகுத்த இ.எம்.டி. பாடத்திட்டம் 81 மணி நேரமே கொண்டது. ஈமச்சடங்கு நிறுவன ஊழியர்களையும் தன்னார்வலர்களையும் விரைவில் பயிற்றுவிக்க வேண்டிய தேவை அப்போது இருந்தது. அடிப்படைப் பயிற்சி பரவியதால் எண்ணற்றோர் பயனடைந்தனர். எனினும் சில வாரங்களில் கற்கக்கூடிய வேலை என்ற மதிப்பீடும் இ.எம்.டி. பணியுடன் ஒட்டிக்கொண்டது. இன்று இப்படிப்பு ஏறத்தாழ 150 மணி நேரம்; பாராமெடிக் படிப்பு ஏறத்தாழ 1,200 மணி நேரம்.

1973 ஆம் ஆண்டின் அவசர மருத்துவச் சேவை அமைப்புகள் சட்டம் வட்டாரச் சேவைகளுக்குக் கூட்டாட்சி நிதி அளித்தது. 1981 ஆம் ஆண்டில் அந்தத் தனி நிதி மாநிலங்களுக்கான பொது மானியத்தில் கரைந்தது. அதன்பின் ஒவ்வோர் ஊரும் தன் வழியைத் தானே தேடிக்கொண்டது.

சிகிச்சைக்கு அல்ல, பயணத்துக்கே பணம்

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், ஆம்புலன்ஸ் சேவைக்கு அடிப்படைக் கட்டணமும் மைல் கணக்கில் ஒரு தொகையும் தருகிறது. நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றால்தான் பொதுவாகப் பணம் கிடைக்கும். சர்க்கரை குறைந்து மயங்கிய ஒருவரை வீட்டிலேயே தெளிய வைத்துவிட்டுத் திரும்பினால், வேலை நடந்தது, வருமானம் இல்லை. இந்த முறையை மாற்றிப் பார்க்க 2021 ஆம் ஆண்டில் தொடங்கிய சோதனைத் திட்டம், குறித்த காலத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே 2023 இறுதியில் நிறுத்தப்பட்டது. ஊதியம் இந்த வருமானத்திலிருந்துதான் வர வேண்டும்.

வேலை தருபவரைப் பொறுத்தும் ஊதியம் மாறுகிறது. நியூயார்க் நகரில் 1996 ஆம் ஆண்டில் ஆம்புலன்ஸ் சேவை தீயணைப்புத் துறையுடன் இணைந்தது. ஆனாலும் 2020களின் தொடக்கத்தில் அங்கே புதிய இ.எம்.டி. ஒருவர் ஏறத்தாழ 39,000 டாலர் பெற்றார். ஐந்தாண்டுகளுக்குப் பின் அது 59,000 டாலரை ஒட்டி உயர்ந்தது. அதே துறையின் தீயணைப்பு வீரர் அக்காலத்துக்குள் 85,000 டாலரை எட்டினார். அதனால் பலர் தேர்வெழுதித் தீயணைப்புப் பிரிவுக்கு மாறிவிடுகின்றனர்.

புதியவர் எதிர்பார்க்க வேண்டியவை

பணியில் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ், இ.எம்.டி. படிப்பு, மாநில உரிமம் ஆகியவை பொதுவாகத் தேவை. பெரும்பாலான மாநிலங்கள் 1970 ஆம் ஆண்டில் உருவான தேசியப் பதிவகத்தின் தேர்வை ஏற்கின்றன.

தனியார் நிறுவனத்தில் சேரும் புதியவருக்குத் தொடக்கத்தில் சைரன் ஒலிக்கும் பயணங்கள் குறைவாகவே கிடைக்கலாம். டயாலிசிஸ் நோயாளிகளை அழைத்துச் செல்வது, முதியோர் இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே மாற்றுவது போன்றவையே அன்றாட வேலையாக இருக்கும். பணிமுறை 12 அல்லது 24 மணி நேரமாக இருப்பது உண்டு. நோயாளிகளைத் தூக்குவதால் முதுகுக் காயம் ஏற்படுவதும் தொற்று அபாயமும் இப்பணியில் அதிகம். ஓய்வு நேரமும் உறுதியன்று. கலிபோர்னியாவில் 2018 ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டம், தனியார் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இடைவேளையிலும் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் கோர வழிவகுத்தது.

இதனால் பலருக்கு இ.எம்.டி. பணி ஓர் ஏணிப்படியாகவே அமைகிறது. சிலர் பாராமெடிக் ஆகின்றனர். சிலர் செவிலியர் அல்லது மருத்துவப் படிப்புக்குச் செல்கின்றனர். அனுபவம் முதிரும் நேரத்தில் அவர்கள் விலகுவதால், அந்த இடத்துக்கு மீண்டும் ஒரு புதியவர் தொடக்க ஊதியத்தில் வருகிறார். ஃப்ரீடம் ஹவுஸ் இளைஞர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆம்புலன்சைச் சிகிச்சைக்கூடமாக மாற்றிக் காட்டினர். கட்டணப் பட்டியலோ இன்னும் அதை வண்டியாகவே கணக்கிடுகிறது.