இடிக்கிறதா, பிரிக்கிறதா?

ஓட்டைப் பிரிக்கிறது, கூரையைப் பிரிக்கிறதுன்னுதான் நம்ம கொங்குப் பக்கம் இன்னைக்கும் சொல்றோம். யாரும் ஓட்டை "இடிக்கிறது" இல்லை. இந்தப் பேச்சுக்குள்ளேயே ஒரு கட்டட வரலாறு இருக்கு.

அந்தக் காலத்து வீடு பிரிக்கிற மாதிரியே கட்டப்பட்டது. செங்கல்லுக்கு நடுவே சேறு அல்லது சுண்ணாம்புக் காரை. தட்டினால் கல் முழுசாக வந்துவிடும். 1860களில் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். 1862ல் போத்தனூர் வழியாக மலபாருக்கு ரயில் ஓடியது. சீமை ஓடு இங்கே வந்து சேர்வது சுலபமாயிற்று. அந்த ஓடு ரீப்பர் மேல் கொக்கி போல் மாட்டி நிற்பது. கழற்றி இன்னொரு வீட்டில் மாட்டலாம். விட்டம், கதவு, நிலவு எல்லாமே அப்படித்தான்.

1934ல் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்தது. சிமெண்ட் காரை செங்கல்லை விடாது. பிரிக்கப் போனால் கல்தான் உடையும். கான்கிரீட் கூரையில் இருந்து கம்பியைத் தவிர வேறு எதுவும் கழன்று வராது.

இதனால் வியாபாரக் கணக்கும் மாறிப்போச்சு. தேக்கு மரம் நிறைந்த பழைய வீடு என்றால் இடிக்கிறவரே உரிமையாளருக்குப் பணம் கொடுப்பார். கான்கிரீட் வீடு என்றால் உரிமையாளர் கொடுக்கணும். ஓட்டு வீட்டிலும் மரம், இரும்பு மட்டும் பத்திரமாகப் போகும். ஜேசிபி ஒரே நாளில் வேலையை முடிக்கும்போது செங்கல்லை யார் உட்கார்ந்து அடுக்குவது? அது குளக்கரைக்கோ காலி சைட்டுக்கோ போகுது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ல் மத்திய அரசு கொண்டுவந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளில், பொருளை மீட்டெடுப்பவருக்கு உள்ளாட்சி அமைப்பு ஊக்கத்தொகையோ சலுகையோ தரணும்னே இருந்தது. ஆனால் அதன்படி கழிவு மேலாண்மைத் திட்டம் கொடுக்க வேண்டியிருந்தவர்கள், ஒரு நாளில் 20 டன் அல்லது ஒரு மாதத்தில் 300 டன் கழிவு உண்டாக்கியவர்கள்தான். 2025ல் வந்த புதிய விதிகளின் முக்கியப் பொறுப்புகளும் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களையே குறிவைக்கின்றன. சந்துக்குள் இருக்கிற ஓட்டு வீடு இந்த வலையில் சிக்காது. பிரித்து எடுக்கத் தோதானது அந்த வீடுதான் என்பது இதிலுள்ள வேடிக்கை.

அதே 2016ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம் அளவைப் பார்க்கவில்லை, வயதைப் பார்த்தது. 1916க்குள் கட்டிய வீடுகளை இயந்திரத்தால் நொறுக்கக் கூடாது, கையால்தான் பிரிக்கணும் என்றது. 2020ல் அந்த வரம்பை 1940 வரை நீட்டியது.

நமக்கும் இது ரொம்ப அந்நியமில்லை. 1877 பஞ்சத்தில் ஈரோட்டுக் கோட்டையை ஆட்களை வைத்துத் தரைமட்டமாக்கியது நிவாரண வேலையாகத்தான். கையால் செய்கிற வேலை கூலியாக ஊருக்குள்ளேயே தங்கும் என்று அன்றைய அரசுக்குத் தெரிந்திருக்கு.

கோவை மாநகராட்சி செய்யக்கூடியது பெரிய காரியமில்லீங்க. இடிக்க அனுமதி கேட்டு வருகிறவரிடம் வீட்டின் வயதைக் கேட்கலாம். ஓட்டு வீடு என்றால் பதினைந்து நாள் பிரிக்க அவகாசம் வைத்து, ஒரு முன்பணம் வாங்கி, பிரித்த கணக்கைக் காட்டியதும் திருப்பித் தரலாம். மண்டலத்துக்கு ஒரு காலி இடத்தில் ஓடும் கல்லும் அடுக்கி விற்க வழி செய்யலாம். பூங்காச் சுவருக்கும் நடைபாதைக்கும் மாநகராட்சியே அதை முதலில் வாங்கலாம்.

மரத்துக்கும் இரும்புக்கும் சந்தை தானாகவே இருக்கு. செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் தேவை கொஞ்சம் நாளும், கொஞ்சம் இடமும்தான்.