எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்: ‘விடாது கருப்பு’ எபிசோடும் காமன் கூத்தின் ஓர் இரவும்

சாமியும் பேயும் வருகிற ஒரு டிவி தொடரின் ஒரே ஒரு எபிசோடைப் பார்த்துவிட்டு, அதில் நடந்ததை எழுதி வைக்கச் சொன்னால் எவரும் ஒப்புக்கொள்வார்கள். பேனாவை எடுத்த பிறகுதான் கை தயங்கும். இருட்டில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கிறது, காலையில் ஒருவன் விழுந்து கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘கருப்பசாமி தண்டித்தார்’ என்று எழுதினால் நம்பிக்கைக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டோம். ‘யாரோ கருப்பசாமி பெயரில் அடித்திருக்கிறார்கள்’ என்று எழுதினால் கடைசி எபிசோடை இப்போதே அவிழ்க்கத் தொடங்கிவிட்டோம். இரண்டும் இல்லாமல் ‘குளம்புச் சத்தம் கேட்டது, ஆள் விழுந்து கிடந்தான்’ என்று நிறுத்தினால் பதிவு சுத்தமாக இருக்கும். ஆனால் பார்த்தவர்களை அன்றிரவு தூங்கவிடாமல் செய்தது எதுவோ அது அதில் இருக்காது.

இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தைப் பக்கத்து மனிதருக்கு இந்தத் தயக்கம் புதிதல்ல. டிவி வருவதற்கு மிக முன்பிருந்தே மலையகத் தோட்டங்கள் பலவற்றில் ஓர் அமானுஷ்யத் தொடர் ஆண்டுதோறும் நடந்து வந்திருக்கிறது. பல இரவுகள் ஓடும், ஒவ்வோர் இரவுக்கும் ஒரு வேலை இருக்கும், இறுதியில் ஒருவன் சாம்பலாவான். அது காமன் கூத்து. அதையும் தமிழ்த் தொலைக்காட்சியின் பேர்போன மர்மத் தொடர் ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டையும் ஒரே விதமாக வாசிக்கவோ பதியவோ முடியாது என்பது தெரியும்.

நான் எடுத்துக்கொள்ளும் தொடர் ‘மர்ம தேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’. எழுதியவர் மதுரைக்காரராகவே அறியப்பட்ட, 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன். இயக்கியவர் நாகா. தயாரிப்பு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள். 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்தது.  தொடரின் கதை ஒரு கிராமத்தில் நடக்கிறது. அந்த ஊருக்குக் காவல் கருப்பசாமி. தப்புச் செய்தவன் தப்ப மாட்டான் என்பது ஊரின் நம்பிக்கை. அந்தத் தண்டனை சாமியிடமிருந்து வருகிறதா, மனிதக் கையிலிருந்தா, நோயுற்ற மனத்திலிருந்தா என்பதே தொடர் முழுக்க ஓடும் இழுபறி. முடிவில் யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. கவிதாலயா யூடியூபில் போட்டிருக்கிறது, பார்க்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கொஸ்லந்தை இருக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையில், ஒரு பக்கம் தேயிலை மலை, மறு பக்கம் வறண்ட தாழ்நிலம். கொஞ்சம் கீழே போனால் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே காடு வெட்டித் தேயிலை நட்டார்கள். கூடவே மாடசாமியையும் முனியாண்டியையும் கருப்பனையும் கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் சாமிகளுக்கும் வேலை மாறியது. தேயிலை ஸ்டோர்ப் பக்கம் ரோதைமுனி நின்றார், கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துச்சாமி வந்தார். தொடரில் வரும் கருப்பனுக்கு ஊர் எல்லை போதும். மலையகத்து முனிக்குத் தோட்டத்து வேலையிலும் பங்கு உண்டு. இயந்திரத்தில் கை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே தோட்டத்து வீட்டில் ‘விடாது கருப்பு’ ஓடும்போது, பார்க்கிறவர்களுக்குக் கருப்பன் அந்நியரல்ல, ஊரில் தங்கிவிட்ட சொந்தக்காரர். சென்னை ரசிகர் கேட்பது ‘இது நிஜமா?’ என்று. தோட்டத்துப் பாட்டி கேட்பது ‘என்ன குத்தம் செஞ்சாங்க, ஏன் சாமி இப்படிக் கோவிச்சுக்கிது?’ என்று. முதல் கேள்விக்குக் கடைசி எபிசோடில் விடை கிடைத்துவிடும். இரண்டாவதற்கு அங்கே விடை இல்லை. மனநல விளக்கம் வந்த பிறகும் குற்றம் குற்றமாகவே இருக்கிறது. நாகாவின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அறிவியல் விளக்கத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் ஒரு சிறு கதவைச் சாத்தாமல் விட்டுவிடுவார்.

காமன் கூத்துக்கு அந்தக் கதவு தேவைப்படுவதில்லை, கதை எல்லாருக்கும் தெரியும். மாசி அமாவாசை கழிந்து வளர்பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். சிவன் தவத்தில் இருக்கிறார், தேவர்கள் மன்மதனை ஏவுகிறார்கள், ரதி தடுக்கிறாள், அவன் கேட்கவில்லை. ஓலைத்தூதன் வருவான், வீரபத்திரன் வருவார், எமன் வருவார். பௌர்ணமியை ஒட்டி நெற்றிக்கண் திறந்து காமன் எரிவான். தோட்டத்துக்குத் தோட்டம் நாள் கூடும், குறையும். ரதி ஒப்பாரி வைப்பாள். அந்த வேஷத்தைக் கட்டியிருப்பவர் ஆண் என்பது தெரிந்தும் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அதன் பிறகு காமனுக்கு உயிர் வரும்.

தொடர் எபிசோடின் உயிர், அடுத்து என்ன என்று தெரியாமல் நிறுத்துவதில் இருக்கிறது. விளம்பரத்துக்கு முன் ஓர் அதிர்ச்சி, வாரக் கடைசிக்கு ஒரு பெரிய அதிர்ச்சி. எழுதிப் பதிகிறவர் இதைக் கவனிக்கத் தவறினால், தொடரை நாவலைப் போலச் சுருக்கிவிடுவார். அவர் குறிக்க வேண்டியது நடந்தது மட்டுமல்ல, எந்த இடத்தில் வெட்டினார்கள், அந்த நேரத்தில் பார்த்தவர் யாரைச் சந்தேகித்திருப்பார் என்பதையும்தான். முழுத் தொடரையும் பார்த்தவர் எழுதுகிற குறிப்புக்கும், அந்த வாரம் வரை மட்டுமே பார்த்தவர் எழுதுகிற குறிப்புக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நல்ல பதிவு இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கும். அமெரிக்காவில் 1993இல் தொடங்கிய ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரை ரசிகர்கள் எபிசோட் எபிசோடாகப் பிரித்து வைத்து ஆராய்ந்தார்கள். ‘மர்ம தேச’த்துக்குத் தமிழில் நினைவுகள் ஏராளம், அப்படியொரு பொறுமையான பட்டியல் அரிது.

கூத்திலோ முடிவு தெரிந்திருப்பதால்தான் கூட்டம் வருகிறது. காமன் எரிவானா என்று எவரும் கேட்பதில்லை. எரிந்தது எரிந்ததுதானா என்பதே வழக்கு. தஞ்சைப் பக்கத்து லாவணியில் இதற்கென்றே இரண்டு கட்சி உண்டு. எரிந்த கட்சி காமன் சாம்பலானான் என்று பாடும், எரியாத கட்சி இல்லை என்று மறுத்துப் பாடும். விடிய விடிய நடக்கும் இந்த வாதத்தில் தீர்ப்பு முக்கியமில்லை, எதிராளியை மடக்குவதே முக்கியம். ‘விடாது கருப்பு’ ஓடிய காலத்தில் ஒவ்வொரு வாரமும் வீடுகளில் நடந்த சண்டையும் இதே வகைதான். ஒருவர் சாமி என்பார், இன்னொருவர் ஆள் என்பார். வித்தியாசம், தொடரில் ஒரு நாள் தீர்ப்பு வந்து ஒரு கட்சி தோற்றது. லாவணியில் அடுத்த மாசிக்கும் இரண்டு கட்சியும் மிஞ்சும்.

கதையின் உள்ளேயே இதற்கு ஒரு விசித்திரமான சமரசம் இருக்கிறது. சிவன் காமனை உயிர்ப்பிக்கிறார், ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். உலகத்துக்கு அவன் எரிந்தவன், ரதிக்கு எரியாதவன். இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் சரி. இந்த இடத்தில்தான் கூத்தும் டிவியும் நேருக்கு நேர் மோதுகின்றன. கேமரா கருப்பசாமியைக் குதிரையில் காட்டினால், அது யாருடைய கண்? ஊருக்குத் தெரிவதா, பயந்தவனுக்கு மட்டும் தெரிவதா? கேமராவுக்கு இதைச் சொல்லாமல் மறைப்பது சுலபம், மறைத்துத்தான் மர்மத் தொடர் பிழைக்கிறது. பொட்டலில் அப்படி முடியாது. ரதிக்கு மட்டும் தெரியும் மன்மதன் ஊரார் அத்தனை பேர் முன்னாலும் பூவும் கிரீடமுமாக நிற்கிறான். தெரியாதவனாகக் கருதிக்கொண்டே எல்லாரும் அவனைப் பார்க்கிறார்கள். எவரும் ஏமாறவில்லை, எவரும் ஏமாற்றவுமில்லை. அமானுஷ்யத்தைக் காட்ட இதைவிட நேர்மையான வழி டிவிக்கு இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அருள் வருவதும் அப்படித்தான். வீரபத்திரன், எமன் வேஷம் கட்டி விரதம் இருப்பவர்களுக்குத் தப்பு மேளம் வேகமெடுக்கும்போது உரு ஏறும். நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள், விபூதி போடுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். மறுநாள் காலை வேலைப் பிரட்டுக்கு அவரே வந்து நிற்பார். தொடர் இதே போன்றதை எடுத்துக்கொண்டு, ஒரு மனத்துக்குள் இரண்டு ஆள் என்ற பிளவாளுமைக் கருத்தைக் கொண்டுவருகிறது. அந்தக் காலத்துக்கு அது புதுச் செய்தி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 1994ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இந்நோயின் பழைய பெயரை மாற்றியது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் ஒரு படி போய், சில பண்பாடுகளில் இதே நிலை ஆவி புகுந்ததாகச் சொல்லப்படலாம் என்று சேர்த்தது. ஆனால் ஒரு நிபந்தனையும் வைத்தது. சமூகம் ஏற்றுக்கொண்ட பண்பாட்டு, சமய வழக்கத்தின் இயல்பான பகுதியாக இருப்பதை நோயாகக் கணக்கெடுக்கக் கூடாது. அதாவது மருத்துவ நூலின்படியே பொட்டலில் உரு ஏறுபவர் நோயாளி அல்ல. தொடரைப் பார்த்துவிட்டு, ‘இவங்களுக்கும் அந்த வியாதிதான்’ என்று சாமியாடுகிறவர்களைச் சுட்டிய படித்த பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவேயில்லை. ஒரு கதைக்கான விளக்கத்தை ஒரு சமூகத்துக்கான விளக்கமாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை அது.

இனி பதிவுக்கு வருவோம். எபிசோட் மாறுவதில்லை. இன்று பார்த்தாலும் பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் அதே வசனம், அதே வெட்டு. யார் எழுதியது, யார் நடித்தது என்று பெயர்கள் ஓடும். சந்தேகம் வந்தால் பின்னால் நகர்த்தலாம். கூத்து அப்படியில்லை. பாட்டு மாஸ்டரின் கொப்பியிலும் அவர் தொண்டையிலும் இருக்கிறது. கொப்பியில் இல்லாத வரிதான் சில இரவுகளில் சபையைத் தூக்கும். ஆகவே கூத்தைப் பதிகிறவர் பாட்டை மட்டும் எழுதினால் பாதிதான் கிடைக்கும். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், மாஸ்டர் யாரிடம் பழகினார், எமன் வேஷம் இந்த முறை யாருக்கு ஏன் போனது, எந்த நேர்த்திக்காக, செலவுக்குப் பணம் எப்படிச் சேர்ந்தது, அன்று மழையா என்பதெல்லாம் வேண்டும். சி.வி. வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களைச் சேர்த்தார். சாரல்நாடன் வாய்மொழி இலக்கியத்தையும், மாத்தளை வடிவேலன் கலைகளையும் நாட்டார் தெய்வங்களையும் எழுதி வைத்தார்கள். இவர்கள் இல்லாவிட்டால் இன்று பேச நமக்கு எதுவும் இருந்திராது. ஆனாலும் தோட்டவாரியாக, வருடவாரியாகப் பார்த்தால் கொஸ்லந்தை இருக்கும் ஊவாப் பக்கத்தில் நிரப்ப வேண்டிய இடம் நிறைய.

இந்தப் பதிவு ஏன் அவசரம் என்பதை இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. மண்ணுக்குள் எத்தனை பேர் என்ற கணக்கு அதன் பிறகு நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. மனிதர்களின் கணக்கே அப்படி என்றால், ஒரு லயத்தில் யார் வீட்டில் கூத்துக் கொப்பி இருந்தது என்பதை யார் கேட்பார்கள்? உயிர் தப்பியவர்களுக்குப் பின்னர் மாகல்தெனியவில் புது வீடு கிடைத்தது. இடம் மாறிய சனத்தோடு சாமி வரும், பாட்டும் வரலாம். பொட்டல் வராது.

கூத்தைப் புனிதமாக்கிவிடவும் எனக்கு விருப்பமில்லை. எந்த வேஷம் யாருக்கு என்பதில் சாதி புகுந்த கதைகளும், குடித்துவிட்டு ஆடிக் கெடுத்த இரவுகளும் எல்லாரும் அறிந்தவை. ரதியின் துயரத்தைப் பாட ரதிகளுக்கே இடமில்லாமல் இருந்தது இன்னொரு குறை. இந்த விஷயத்தில் பெண்களை நடிக்க வைத்து, அவர்களையும் மர்மத்தைத் துப்பறிய விட்ட டிவி தொடர் முன்னால் நிற்கிறது.

இப்போது இரண்டும் ஒரே சின்னத் திரைக்குள் வந்துவிட்டன. தோட்டத்து இளைஞர்கள் ஃபோனில் கூத்தை எடுத்து யூடியூபில் போடுகிறார்கள். பெரும்பாலும் எமன் தீப்பந்தத்தோடு வருவதும் காமன் எரிவதும்தான் இருக்கும். ரதியும் மதனும் மணிக்கணக்கில் தர்க்கம் பண்ணும் இடம் இருக்காது, அது ‘லோங்’ ஆக இருக்கிறதாம். கூத்து இப்படி அதிர்ச்சிக் காட்சிகளால் மட்டும் ஆன எபிசோடாகிறது. எபிசோடுக்காவது பெயர் ஓடும், இந்தத் துண்டுகளுக்கு அதுவும் இல்லை. போடுகிற தம்பிமார் வீடியோவுக்குக் கீழே தோட்டத்தின் பெயர், டிவிஷன், வருடம், மாஸ்டர் சம்மதித்தால் அவர் பெயர், அன்றைக்கு எத்தனையாம் நாள் கூத்து என்று நாலு வரி போட்டால், பின்னால் வாசிக்க வருகிறவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும். ரதி தர்க்கத்தை வெட்டாமல் தனியாக ஒரு வீடியோவாகப் போடலாம். பார்ப்பவர்கள் குறைவாக இருக்கும், ஆனால் எரிந்த கட்சிக்கும் எரியாத கட்சிக்கும் வாதத்துக்கான சரக்கு அதில்தான் இருக்கிறது.