கண்டி மாநகரும் றக்பி எதிர்வுகூறலும்: ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டுக்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆடியவர்களின் வரலாற்றையே எழுதிவந்துள்ளனர். பார்த்தவர்கள், அதிலும் ஆட்டம் தொடங்குமுன்னரே அதன் முடிவைப்பற்றி வாதிட்டவர்கள், அவ்வரலாற்றிலே இடம்பெறுவது அரிது. ஆயின், ஒரு விளையாட்டு ஒரு சமூகத்தினுள் எவ்வளவு தூரம் வேரோடியுள்ளது என்பதை அறிதற்கு எதிர்வுகூறலை விடச் சிறந்த சான்று வேறில்லை எனலாம். எதிர்வுகூறுவோனுக்கு ஆட்டத்தின் விதிகள் தெரிந்திருத்தல் வேண்டும். இரு அணிகளினதும் பழைய வெற்றி தோல்விகள் நினைவிலிருத்தல் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, இரண்டில் ஒன்றைத் தன்னுடையதெனக் கொள்ளும் உரிமையுணர்வு வேண்டும். இம்மூன்றும் கண்டியிலே எவ்வாறு தோன்றின, எவருக்குத் தோன்றின, எவருக்குத் தோன்றாமற் போயின என்பதே இங்கு ஆராயப்படுவதாகும்.

இலங்கையில் ஒழுங்கமைந்த றக்பி ஆட்டம் 1879 ஆம் ஆண்டிலே, கொழும்பு உதைபந்தாட்டக் கழகத்தின் தோற்றத்தோடு தொடங்குகின்றது. ஆசியாவிலே கல்கத்தாவுக்கு அடுத்தபடியாக இவ்வாட்டம் வேர்கொண்ட இடங்களுள் இலங்கையும் ஒன்றாகும். கண்டி விளையாட்டுக் கழகம் அதற்கு ஐந்தாண்டுகள் முன்னராக, 1874 இல் தாபிக்கப்பட்டுவிட்டது. இவ்வாண்டுகள் தற்செயலானவையல்ல. கொழும்பிலிருந்து புகையிரதப் பாதை கண்டியை 1867 இல் அடைந்தது; 1874 இல் நாவலப்பிட்டிக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் அது நீண்டது. அதே 1867 இலேதான் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பெருமளவிற் பயிரிடலானார். கோப்பிப் பயிர் நோயால் அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையோடு இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்களிலே பயின்ற இளந் துரைமார் பலர் மலைநாட்டுக்கு வந்தனர். டிம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா, ஊவா எனத் தோட்டப் பகுதிகள் தோறும் அவர்களின் கழகங்கள் எழுந்தன. வார இறுதியிலே புகையிரதமேறிச் சென்று ஆடித் திரும்புவது அவர்களின் வாழ்க்கை முறையாயிற்று. 1908 இல் இலங்கை றக்பிச் சங்கம் அமைக்கப்பட்டது. 1926 இல் ஆளுநர் சேர் ஹியூ கிளிபர்டின் துணைவியார் வழங்கிய கிண்ணம் பின்னாளிலே கழகங்களுக்கிடையிலான போட்டியின் பரிசாயிற்று.

இக்காலத்தில் எதிர்வுகூறல் என்பது கழக மண்டபத்து மதுவருந்துமிடத்தைத் தாண்டியிருக்க முடியாது. மலைச்சரிவிலே ஆட்டத்துக்கேற்ற சமதளம் அருமையானது. மலையை வெட்டிப் பாதையும் தளமும் சமைத்தவை தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் கைகள். அத்தளத்திலே என்ன நடைபெறுகின்றதென்பதை அவர்கள் கண்டிருப்பர். ஆனால் கண்டதனால் மட்டும் ஒருவன் இரசிகனாகிவிடுவதில்லை. டிக்கோயா வென்றாலென்ன, டிம்புள்ள வென்றாலென்ன, திங்கட்கிழமை காலைப் பிரட்டுக்களத்திலே நிற்கவேண்டிய ஒருவனுக்கு அவ்விரண்டில் எதுவும் தன்னுடையதன்று.

இந்நிலையை மாற்றியவை பாடசாலைகளேயாகும். 1891 இல் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்பவர் பதினொரு மாணவர்களுடன் கண்டியிலே தொடங்கிய பாடசாலையே பின்னர் கிங்ஸ்வூட் கல்லூரியாக வளர்ந்தது. அவ்வாண்டிலேயே அவர் தம் மாணவருக்கு றக்பியை அறிமுகஞ் செய்தார். பிளேஸ் ஐரோப்பியரல்லர், இந்நாட்டுப் பறங்கியர் சமூகத்தவர், திரித்துவக் கல்லூரியிற் பயின்று, இந்தியாவில் ஆசிரியராகவிருந்து மீண்டவர். துரைமாரின் ஆட்டத்தை இந்நாட்டுச் சிறுவரின் ஆட்டமாக்கியவர் இந்நாட்டவர் ஒருவரே என்பது மனங்கொள்ளத்தக்கது. 1906 இல், பிரேசர் அதிபராகவிருந்த காலத்தில், திரித்துவக் கல்லூரியும் இவ்வாட்டத்தை மேற்கொண்டது. அவ்வாண்டு போகம்பரையிலே இரு கல்லூரிகளும் சந்தித்த போட்டியே இலங்கையின் முதலாவது பாடசாலை றக்பிப் போட்டியாகும். அது 6க்கு 6 என்ற புள்ளிக்கணக்கில் வெற்றிதோல்வியின்றி முடிவுற்றது.

போகம்பரை என்னும் அத்தலம் பற்றியும் ஒரு சொல். எகலப்பொலையின் மனைவியும் மக்களும் 1814 இல் அரசாணையாற் கொல்லப்பட்டது அச்சூழலிலாகும். அடுத்த ஆண்டே கண்டியரசு வீழ்ந்தது. 1876 இல் அங்கு பிரித்தானியர் எழுப்பிய சிறைச்சாலை 2014 ஆம் ஆண்டளவிலேதான் மூடப்பட்டது. கண்டியின் விளையாட்டு வரலாற்றின் பெரும்பகுதி அச்சிறையின் மதிலுக்கு அணித்தாகவே நிகழ்ந்துள்ளது.

திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் 1920 இல் முதன்முறையாக மோதின. 1945 இல் றோயல் கல்லூரி அதிபர் பிரட்பி வழங்கிய கேடயத்துக்கான போட்டி தொடங்கியது. கண்டியின் எதிர்வுகூறல் மரபு முதிர்ச்சியடைந்தது இப்போட்டியினாலேயாம் எனத் துணிந்து கூறலாம். ஏனெனில் பிரட்பிக் கேடயம் ஓர் ஆட்டத்தால் தீர்மானிக்கப்படுவதன்று. கொழும்பில் ஒன்றும் கண்டியில் ஒன்றுமாக இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் பெற்ற புள்ளிகளின் கூட்டுத்தொகையே கேடயத்தை வழங்கும். முதலாட்டத்திலே தோற்ற அணி இரண்டாம் ஆட்டத்திலே வென்றும் கேடயத்தை இழக்கலாம். ஆகவே இரு ஆட்டங்களுக்குமிடையிலான நாட்களிலே நகரமெங்கும் கணக்கு நடைபெறும். முன்னிலை எவ்வளவு, அதை முறியடிக்க எத்தனை ட்ரை வேண்டும், மழை பெய்தால் யாருக்கு அனுகூலம் என்ற வினாக்கள் தேநீர்க்கடையிலும் பேருந்திலும் ஆராயப்படும்.

இக்கணக்கு நிலையானதன்று என்பதும் ஈண்டு விளக்கப்பட வேண்டியது. பழைய விதிப்படி ஒரு ட்ரைக்கு 3 புள்ளிகள். அதனைத் தொடரும் உதை கம்பங்களிடையே சென்றால் மேலும் 2. 1971 இல் ட்ரையின் மதிப்பு 4 ஆகவும், 1992 இல் 5 ஆகவும் உயர்த்தப்பட்டது. 6 புள்ளி முன்னிலை பெற்ற ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். 1971 க்கு முன்னர் எதிரணியின் ஒரே முயற்சியால் 5 புள்ளிகளுக்கு மேற் பெறவியலாது. எனவே அம்முன்னிலை ஓரளவு பாதுகாப்பானது. 1971 க்குப் பின் ஒரே முயற்சியால் அதனைச் சமப்படுத்தலாம். 1992 க்குப் பின்னரோ ஒரே முயற்சியால் 7 புள்ளிகள் பெற்று அதனைக் கடந்துவிடலாம். தந்தையின் காலத்துப் பழமொழி மகனின் காலத்துக்கு உதவாது போவது இவ்வாறுதான். இறுதி நிமிடம் வரை எவரும் எழுந்து செல்லாத வழக்கத்துக்கு இரசிகரின் பண்பு மட்டுமன்றி, இவ்விதி மாற்றமும் ஒரு காரணமாகும்.

பாடசாலை ஆட்டத்தில் நகரத் தமிழருக்கும் பங்கு கிடைத்தது. கண்டிக் கல்லூரிகளிலே தமிழ் மாணவர் பயின்றனர். அவர்தம் வீடுகளில் கேடயம் ஒரு குடும்பக் காரியமாயிற்று. 1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்த பின்னர், றக்பியை முன்பின் அறியாத வடக்குக் கிழக்கு மாணவரும் அதன் சூழலுக்குள் வந்தனர். ஆயினும் நகரத்துக்கு அப்பால், தோட்டத்துத் தமிழர் நிலை வேறாகவேயிருந்தது. சர்வதேசப் போட்டிகளை நோக்குங்கால் இவ்வேறுபாடு கூர்மையாகத் தெரிகின்றது.

1950 இல் நியூசிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிற் சுற்றுப்பயணத்தை முடித்துத் திரும்பிய பிரித்தானியத் தீவுகளின் அணி கொழும்பிலே இலங்கை அணியுடன் ஆடி 44க்கு 6 என வென்றது. முடிவைப்பற்றி எவருக்கும் ஐயமிருந்திருக்க முடியாது. எத்தனை புள்ளியால் என்பதே வினாவாகவிருந்திருக்கும். ஆனால் 'இலங்கை' என்று எழுதப்பட்ட அந்த அணி எவருடையது? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கி அப்போது இரண்டாண்டுகளே கழிந்திருந்தன. ஒரு நாட்டின் அணி வெல்லுமா தோற்குமா எனக் கூறுதற்கு முன் அந்நாடு தன்னுடையதா என்ற வினாவுக்கு விடை வேண்டும். அவ்விடை அவர்களுக்கு 1964 இன் உடன்படிக்கையாலும் முழுமையாகக் கிடைக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அது இழுபட்டது.

ஆசிய றக்பிச் சம்மேளனம் 1968 இல் அமைந்தது. முதலாவது ஆசியப் போட்டி 1969 இல் டோக்கியோவில் நடைபெற்றது. 1974 இல் அப்போட்டி கொழும்புக்கு வந்தபோது யப்பான் வென்றது. இலங்கை இரண்டாமிடத்தைப் பெற்றது. ஆசியாவில் எதிர்வுகூறல் என்பது நெடுங்காலம் 'யப்பானுக்கு அடுத்தது யார்' என்ற வினாவாகவே இருந்துவந்தது. அந்த யப்பானே 2015 உலகக் கிண்ணத்திலே தென்னாபிரிக்காவை 34க்கு 32 என வீழ்த்தியபோது, உலகின் எதிர்வுகூறுவோர் யாவரும் ஒருங்கே தவறினர்.

எழுவர் ஆட்டம் இதனினும் கணிப்புக்கடங்காதது. 1883 இல் ஸ்கொத்லாந்தின் மெல்ரோஸ் என்னும் சிற்றூரிலே, நெட் ஹேக் என்னும் இறைச்சி வணிகர் கழகத்துக்குப் பணஞ் சேர்க்கவெனக் கண்ட வழி அது. பாதிக்கு ஏழு நிமிடம். ஒரு வழுக்கல், ஒரு தவறிய பிடி, ஆட்டம் முடிந்துவிடும். 1976 இல் தொடங்கிய ஹொங்கொங் எழுவர் போட்டியின் முதலாண்டிலேயே இலங்கை பங்குகொண்டது. 1999 இல் எழுவர் ஆட்டச் சர்வதேசப் போட்டியொன்று கண்டிக்கே, அதுவும் போகம்பரைக்கே, வந்தது.

அவ்வாண்டின் பொருளை உணர்வதற்கு முந்தைய ஆண்டை நினைத்தல் வேண்டும். 1998 சனவரி 25 ஆம் நாள், சுதந்திரப் பொன்விழாவுக்குப் பத்து நாட்கள் முன்னராக, தலதா மாளிகையின் வாயிலிலே வெடிபொருள் ஏற்றிய பாரவண்டி வெடித்தது. விடுதலைப் புலிகளின் மீது சுமத்தப்பட்ட அத்தாக்குதலிற் பொதுமக்கள் பலர் மாண்டனர். கண்டியில் நிகழவிருந்த விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. உலகத்துக்கு மூடப்பட்டது போலான அந்நகருக்கு, மாளிகையிலிருந்து நடந்தே செல்லத்தக்க தூரத்திலுள்ள மைதானத்துக்கு, வெளிநாட்டு அணிகள் அடுத்த ஆண்டே வந்தன. எந்த அணி கிண்ணத்தை வெல்லும் என்று வாதிடுவது, அணிகள் வந்துசேரும் என்று நம்புவதைத் தன்னுள் அடக்கியிருந்தது. தமிழனொருவன் அக்கூட்டத்தினிடையே செல்வதற்கு அடையாள அட்டையோடு சோதனைச் சாவடிகளையும் கடக்க வேண்டியிருந்த காலம் அது. உள்ளே சென்றபின் அவன் பக்கத்திலிருப்பவனோடு அணிகளைப்பற்றி வாதிட்டான் என்றால், அதனைச் சாதாரண நிகழ்ச்சியென ஒதுக்குவது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. நகர ஒற்றுமையின் சான்றாகப் பெரிதுபடுத்துவதும் மிகையாகும்.

1990களிலிருந்து கண்டி விளையாட்டுக் கழகம் உள்நாட்டுப் போட்டிகளில் ஆதிக்கம் பெற்றது. நித்தவெல மைதானம் எதிரணிகள் அஞ்சும் இடமாயிற்று. பிஜித் தீவு வீரர்களும் இலங்கைக் கழகங்களுக்கு ஆட வந்தனர். இங்கு ஓர் ஒப்புநோக்கு பயனுடையது. கொழும்பிலே றக்பி தொடங்கிய அதே 1879 இல், கரும்புத் தோட்டங்களுக்கான முதலாவது இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு லியோனிடாஸ் என்னுங் கப்பல் பிஜியை அடைந்தது. 1903 முதல் சென்னை வழியாகத் தமிழரும் சென்றனர். பிஜியிலே றக்பி பூர்வீக மக்களின் உயிர்மூச்சாயிற்று. இந்திய வழியினரோ உதைபந்தாட்டத்தை நாடி 1938 இல் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். மலையகத் தோட்டங்களிலும் இளைஞர் வெளியிலே உதைபடுவது பெரும்பாலும் வட்டப் பந்தேயன்றி நீள்வட்டப் பந்தன்று. உதைபந்தாட்டத்துக்கு ஒரு பந்தும் கல்லற்ற வெளியும் போதும். றக்பிக்குப் புற்றரையும், காயத்துக்கு விடுப்பும், பயிற்றுவிக்கும் பாடசாலையும் வேண்டும். இரண்டு தீவுகளிலும் தோட்டத் தொழிலாளனுக்குக் கிடையாதவை இவைதாம். பிஜியின் பிளவை இனத்தின் இயல்பு என விளக்குவோர் இதனைக் கருத்திற் கொள்வதில்லை.

தமிழ்மொழியிலும் இவ்விடைவெளி பதிந்துள்ளது. ஈழத்துத் தமிழ் உதைபந்தாட்டம், துடுப்பாட்டம், கரப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம் எனப் பிற ஆட்டங்களுக்கெல்லாம் பெயர் கண்டது. றக்பிக்கு மட்டும் நிலைத்த தமிழ்ப் பெயர் தோன்றவில்லை. ட்ரை, ஸ்க்ரம் என்பனவும் அவ்வாறே நின்றுவிட்டன. கலைச்சொல்லாக்கக் குழுக்களின் குறையன்று இது. தமிழ்ப் பாடசாலைகள் ஆடிய ஆட்டங்களே தமிழ்ப் பெயர் பெற்றன.

எனினும் கண்டியிலே தமிழர் வாயில் வழங்குவது றக்பி என்பதுமன்று, 'றகர்' என்பதாகும். ஒக்ஸ்போர்ட் மாணவர் சொற்களின் ஈற்றைச் சிதைத்து வழங்கிய கொச்சையின் பயனாக எழுந்தது அச்சொல். துரைமாரின் பெட்டிகளோடு அது மலையேறியது. இங்கிலாந்திலே அச்சொல் இன்று உயர்வகுப்பாரின் பேச்சுக்குரிய அடையாளமாகச் சுருங்கிவிட்டது. கண்டிப் பேருந்து நிலையத்திலோ, சிங்களத்திலும் தமிழிலும் ஒரே உச்சரிப்போடு, பிரட்பியின் இரண்டாம் ஆட்டத்துக்கு முதல்நாள் எவர் வாயிலும் அது கேட்கும்.