அம்பை 16 போகும் வழி

சிவகளைப் பறம்பில் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழி ஒன்றுக்குள் மண்ணோடு மண்ணாக நெல் உமி கிடந்தது. அமெரிக்காவில் மியாமி நகரத்துப் பீட்டா ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் கணித்தபோது கி.மு. 1155 என்று விடை வந்தது. 2021 செப்டம்பரில் முதல்வர் அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். தாமிரபரணிச் சீமையில் நெல்லுக்கு வயது 3,200 ஆண்டுகள். செத்தவரோடு சேர்த்துப் புதைக்கும் அளவுக்கு அன்றைக்கே அது உசத்தியான பொருளாக இருந்திருக்கிறது.

இன்றைக்கு அதே சீமையில் "சோத்த விட்டுட்டேன்லா" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். காலையில் நூறு பாதாம், மதியம் முட்டை, ராத்திரி கோழி. எடை இறங்குகிறது, சர்க்கரையும் இறங்குகிறது. கூடவே வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு பயம் ஏறுகிறது: "கிட்னி போயிரும்னு சொல்லுதாகளே, லிவர் கெட்டுரும்னு சொல்லுதாகளே, உண்மையா?" இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. வயலில் தொடங்கி உடம்புக்குள் முடியும் வரை ஒரு நெல்மணியின் பின்னாலேயே போய்ப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

நாம் பின்தொடரும் நெல் அம்பை 16. ஏட்டில் ஏ.எஸ்.டி. 16. அம்பாசமுத்திரத்தில் 1937-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம், ஏ.டி.டி. 31, கோ 39 இரண்டையும் கலந்து உருவாக்கி 1986-ல் வெளியிட்ட ரகம். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து நாளில் கதிர் முற்றும். அரிசி குட்டையாகப் பருத்திருக்கும். கார் பருவத்துக்கு ஏற்ற பயிர் என்பதால் நெல்லைச் சீமை அதைத் தன் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டது.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொண்டு வருகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அதை மறித்துக் கால்வாய்களுக்குத் திருப்புகின்றன. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது, 1870-களில் முடிந்தது. மற்ற ஏழும் அதற்கு முன்பே நின்றவை. இந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லை அவித்து, களத்தில் காயப்போட்டு, அரைத்தால் புழுங்கலரிசி. அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்குகிறது. உலக்கையால் குத்திய காலத்தில் தவிடும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. மில்லில் தீட்டத் தீட்ட அது மாட்டுக்குப் போயிற்று, நமக்கு வெள்ளைவெளேரென்று மாவுச்சத்து மிஞ்சியது.

ஆற்றங்கரைக்குச் சோறு பழகிய பண்டம். ஆனால் வடக்கே கரிசல் காட்டில் கம்பும் சோளமும்தான் அன்றாடச் சாப்பாடு. தீபாவளி, பொங்கல் என்றால்தான் நெல்லுச்சோறு. அந்தக் கரிசல் காட்டு எட்டயபுரத்தில்தான் 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2008-ல் ரேஷனில் ஒரு ரூபாய் அரிசி, 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. நெல்லுச்சோற்றுக்கு ஏங்கிய வீடுகளில் மூன்று வேளையும் சோறும் இட்லியும் வந்தது இப்படித்தான். பசியை விரட்டிய அந்த அரிசியை விஷம் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது. அதே சமயம் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போயின, நடந்தவர்கள் பைக்கில் ஏறினார்கள், தட்டில் சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருந்தது.

நூறு கிராம் அரிசியை வடித்தால் ஏறக்குறைய 300 கிராம் சோறு. அதற்குள் எழுபத்தைந்து, எண்பது கிராம் மாவுச்சத்து. வாயில் எச்சில் பட்டதும் உடையத் தொடங்கி, சிறுகுடலில் குளுக்கோஸாகி, நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் சுமார் நூறு கிராம் வரைதான் கிளைக்கோஜனாகச் சேமிக்க முடியும். தசைகளில் இன்னும் நானூறு கிராம் போலக் கொள்ளும். உழைத்த உடம்பில் தசைக் களஞ்சியம் தினமும் காலியாகும். உட்கார்ந்த உடம்பில் அது நிறைந்தே கிடக்கும். மிச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. மது தொடாதவருக்கும் ஸ்கேன் அறிக்கையில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறை பிறந்ததும் கல்லீரலைப் பற்றிய அறிவிலிருந்துதான். பாரிஸில் கிளாட் பெர்னார்ட், கல்லீரல் சர்க்கரையைக் கையாளும் விதம் பற்றி நடத்திய விரிவுரைகளை வில்லியம் ஹார்வி என்ற லண்டன் காது மருத்துவர் கேட்டார். அந்த அறிவைக் கொண்டு, உடல் பெருத்துக் காது மந்தமாகி வந்த வில்லியம் பாண்டிங்கிற்கு ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரையை நிறுத்தச் சொன்னார். இளைத்த பாண்டிங் 1863-ல் எழுதிய சிறு நூல் உலகம் சுற்றியது. 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காக, மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்த கீட்டோ உணவை வகுத்தார். 1972-ல் மருத்துவர் அட்கின்ஸின் நூல் வந்தது. தமிழில் நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' நூல் அந்த வழியை நம் சமையலறைக்குக் கொண்டுவந்தது.

ஆகவே கல்லீரல் கெட்டுவிடும் என்ற பயம் பெரும்பாலோருக்குத் தலைகீழானது. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு கரையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணியும். 80 கிலோ மனிதருக்கு முதல் படி நாலே கிலோ. ஆனால் கல்லீரல் இறுகிப்போகும் சிரோசிஸ் வரை போய்விட்டவருக்குக் கதை வேறு. அவர் கல்லீரலில் சேமிப்பு மிகக் குறைவு. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தசையைத் தின்னும். அதனால்தான் படுக்கும் முன் கொஞ்சம் மாவுச்சத்து சாப்பிடும்படி மருத்துவர்கள் அவருக்குச் சொல்கிறார்கள். சோற்றை நிறுத்துவது அவருக்கு ஆகாது. மளமளவென்று எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வருவதும் உண்டு.

இனிச் சிறுநீரகம். ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸ் அதன் வடிகட்டிக்குள் இறங்குகிறது. ஆரோக்கியமான சிறுநீரகம் அத்தனையையும் மீட்டு ரத்தத்துக்கே திருப்பிவிடும். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் மீட்க முடியாமல் சிறுநீரில் வழியும். அம்பையில் விளைந்த மணியின் பயணம் நீரிழிவுக்காரரிடம் அங்கே முடிகிறது. பல வருஷம் உயர்ந்தே இருக்கும் அந்தச் சர்க்கரைதான் வடிகட்டியைச் சிதைக்கிறது. எனவே அளவாகச் சோற்றைக் குறைத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது சிறுநீரகத்துக்கு நன்மையே.

சிக்கல் சோற்றின் இடத்தில் வந்து உட்காரும் உணவில் இருக்கிறது. புரதத்தில் நைட்ரஜன் உண்டு. உடம்பு பயன்படுத்தியது போக மீதியைக் கல்லீரல் யூரியாவாக மாற்றும், சிறுநீரகம் வெளியேற்றும். வயலுக்கு மூட்டை மூட்டையாக இடும் யூரியாவும் இதுவும் ஒரே பொருள். நூறு கிராம் புரதம் எரிந்தால் முப்பது கிராமுக்கு மேல் யூரியா உண்டாகும். நூறு பாதாமில் இருபதுக்கு மேல், நாலு முட்டையில் இருபத்துநாலு, கால் கிலோ கோழிக்கறியில் ஐம்பதுக்கு மேல் என்று கூட்டினால் சுலபமாக நூறு கிராம் புரதம் வந்துவிடும். சிறுநீரகம் ஓரளவு பழுதானவர்களுக்கு, எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் போதும், 1.3 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பது கேடிகோ என்ற உலகளாவிய சிறுநீரக நல அமைப்பின் 2024 வழிகாட்டல். 70 கிலோ மனிதருக்கு அது 56 கிராம், உச்சம் 91. மேலே கூட்டிய தட்டு அந்த உச்சத்தையும் தாண்டிவிட்டது. பழுதில்லாத சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதம் கெடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பழுதான சிறுநீரகத்துக்கு இது கூடுதல் சுமை. நம்முடையது எது என்று வெளியிலிருந்து தெரியாது. பெரும்பகுதி போகும் வரை வலியோ வீக்கமோ காட்டாத உறுப்பு அது.

பாதாமுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதில் ஆக்சலேட் மிகுதி. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள். சித்திரை வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, தினம் நூறு பாதாமும் தின்றால் கல் சேர எல்லாம் கூடிவந்துவிடும். முன்பே கல் வந்தவர்கள் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது.

வயலில் நிற்பவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடம் சென்னை மருத்துவக் கல்லூரிச் சிறுநீரகவியல் துறையினர் நடத்திய ஆய்வில், சிறுநீரக நோய் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் இல்லை. வெயிலில் வேலை செய்வது காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். "எனக்குச் சுகர் இல்லை, கிட்னிக்கு ஒன்றும் இராது" என்ற நம்பிக்கை இந்த மக்களுக்கு உதவாது.

மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் சோற்றை மட்டும் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரை 2020-ல் காப்புரிமை முடிந்து விலை இறங்கியபின் பரவலாகப் புழங்குகிறது. அதை விழுங்கிக்கொண்டு மாவுச்சத்தையும் அறவே விட்டால், சர்க்கரைமானியில் அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சோற்றைக் குறைத்த முதல் வாரங்களில் உப்பும் நீரும் கழிவதால் ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மருத்துவர் மாற்ற வேண்டிவரலாம்.

சோற்றை முழுதும் துரத்தவும் தேவையில்லை. இந்தியர் உணவில் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு காட்டுகிறது. அதை ஐம்பது, ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவந்து புரதத்தைக் கூட்டினால் நீரிழிவு கட்டுப்படும் என்பது அந்த ஆய்வாளர்கள் 2022-ல் தந்த கணக்கு. நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே அதற்கு இடமிருக்கிறது. சோற்றைப் பாதியாக்கி அவியலையும் கீரையையும் கூட்டலாம். வெறும் சோற்றுக்குப் பதில் தோலுளுந்து கூட்டிப் போட்ட உளுந்தஞ்சோறு வைக்கலாம். புன்னைக்காயல் மீன் கிடைத்தால் குழம்பாக வைத்துக்கொள்ளலாம்.

தட்டை மாற்றும் முன் இரண்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின். கறி சாப்பிட்ட மறுவேளை ரத்தம் கொடுத்தால் கிரியேட்டினின் கூடிக் காட்டும், அதனால் முந்தின நாள் கறி வேண்டாம். சிறுநீரில் ஆல்புமின் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். 2023-ல் அரசு தொடங்கிய சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டம் இதற்காகவே வந்தது. முடிவில் குறை இருந்தால் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி மருத்துவரிடம் காட்டிவிட்டு, பிறகு சோற்றைக் குறையுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு பரிசோதனையையும் மறுபடி செய்யுங்கள்.